பெயரும் பிழைப்பும்

“பேர் வாங்கணும்னு ஆசைப்படுறது தப்பா, மாமா?”

இப்படி என்னைக் கேட்டவன் என் தமக்கையின் மகன். 2020ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், நல்ல மழை. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். “தப்பில்லை” என்று உடனே சொல்லிவிட்டேன். அவன் முகம் அப்போது இருந்த இருப்பைப் பார்த்தால் வேறு பதில் சொல்ல யாருக்கும் மனம் வந்திராது. ஆனால் இரக்கப்பட்டுச் சொன்ன பதில் சரியான பதிலாகவும் இருந்துவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே! அந்தக் கேள்வி இன்று வரை என்னை விட்டபாடில்லை.

முதலில் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பில் சுமார். ஆனால் அவனுடைய காது சாமானியமான காது அல்ல. தெருவில் உப்பு விற்கிறவர், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், ரேஷன் கடையில் எடை போடுகிறவர் என்று யார் பேச்சை ஒரு தடவை கேட்டாலும் போதும். சாயங்காலம் அதே பேச்சு, அதே இழுப்பு, அதே இருமலோடு அவன் வாயிலிருந்து வரும். இப்படிப்பட்ட பையன் கையில் ஒரு கைபேசியும் கிடைத்து, டிக்டாக் என்ற ஒன்றும் ஊருக்குள் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? நடந்தது. 2019ஆம் ஆண்டில் பதினைந்து விநாடி, மிஞ்சினால் ஒரு நிமிஷம் என்று படம் எடுத்துப் போட ஆரம்பித்தான். வருஷம் முடிவதற்குள் இரண்டு லட்சம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டான்.

என் தமக்கை வந்து அழுதாள். “நீ சொன்னா கேப்பான்” என்றாள். நானும் சொன்னேன். சொன்ன சந்தர்ப்பம் எப்படிப்பட்டது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் இளவட்டங்களெல்லாம் என் மருமகனோடு நின்று படம் பிடித்துக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள். ஒன்பது நாவல் எழுதியவன் பக்கத்திலேயே நிற்கிறேன். ஒரு பெண் என்னை நோக்கி வந்தாள். வாசகி போலிருக்கிறது என்று நான் மேல்துண்டைச் சரி செய்துகொண்டேன். “அங்கிள், ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?” என்று தன் கைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். எடுத்துக் கொடுத்தேன். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தக் கூத்தாடிப் பிழைப்பெல்லாம் எத்தனை நாளைக்கு? ஒழுங்கா ஒரு வேலையைப் பார்” என்று உபதேசம் செய்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

நான் சொன்ன வார்த்தைகளில் பொய் என்று எதுவும் இல்லை. ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அன்று பேசியது என் அனுபவம் அல்ல; வயிற்றெரிச்சல். இளைஞர்களுக்கு நாம் சொல்கிற ‘யதார்த்தமான’ யோசனைகளில் எத்தனை பங்கு அக்கறை, எத்தனை பங்கு பொறாமை, நாம் செய்யத் துணியாததை இவன் செய்கிறானே என்கிற ஆத்திரம் எத்தனை பங்கு என்று யாராவது கணக்குப் பார்த்திருக்கிறோமா?

எனக்கு மட்டும் பெயர் ஆசை இல்லையா? 1997இல், பத்தொன்பதாவது வயதில், என் முதல் கதை ஒரு சிறிய பத்திரிகையில் வந்தது. அந்த இதழ் வந்த அன்று பஸ் நிலையத்துப் புத்தகக் கடைக்கு எதிரே காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றேன். யாராவது வாங்கிப் புரட்டி என் பக்கத்தில் நிறுத்துவார்கள், அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசை. ஒரே ஒருவர் வாங்கினார். விரித்து, பெஞ்சில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். நானும் அந்த வருஷந்தான் கல்லூரிக்கு முழுக்குப் போட்டவன். அதை மருமகனிடம் கை கழுவுகிற இடத்தில் நான் சொல்லவில்லை.

ஆகையால் பெயர் ஆசை தவறு என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. பாரதிக்கு இல்லாத ஆசையா? 1920இல் கடையத்தில் இருந்துகொண்டு, தம்முடைய எழுத்துகளையெல்லாம் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிட வேண்டும் என்று திட்டம் போட்டு, அதற்காகக் கடன் கேட்டுப் பலருக்கும் எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை. அந்த வருஷமே சென்னைக்குத் திரும்பிச் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர் உத்தியோகத்தில் மறுபடி சேர்ந்தார். மறு வருஷம் காலமானார். பதினாயிரம் பிரதி என்று அவர் கனவு கண்டதைப் பேராசை என்று இன்று எவனாவது சொல்வானா? உத்தியோகம் பார்த்ததைத் தோல்வி என்றுதான் சொல்வானா?

ஆசை இருக்கட்டும். எதைக் கொண்டு அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறோம் என்பதுதான் விஷயம். இது எனக்குப் புரிந்தது அந்த ஐப்பசி மழை நாளில்.

2020 ஜூன் 29ஆம் தேதி இந்திய அரசு ஐம்பத்தொன்பது செயலிகளுக்குத் தடை போட்டது. டிக்டாக் அவற்றில் ஒன்று. ராத்திரி படுக்கும்போது இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள். ஓரிரு நாளில் ஒருவரும் இல்லை. அரசு தடை போட்ட நியாயம் வேறு சமாசாரம். அதற்குள் நான் போகவில்லை. பையன் நாலு மாதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தான்.

பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு ‘மகரக்கட்டு’ என்ற சொல் தெரிந்திருக்கும். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் ஆரம்பித்த பால சபாவில் டி. கே. சண்முகம் ஆறு வயதில் சேர்ந்தார். இப்படிப் பல கம்பெனிகள். ஊர் ஊராகப் பையன்கள். கணீர் என்ற குரலில் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் பாடுகிற பையனுக்குத்தான் கம்பெனியில் ராஜ மரியாதை. பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு நாள் குரல் உடையும். அதுதான் மகரக்கட்டு. குரல் உடைந்த பையனுடைய வேஷம் வேறொருவனுக்குப் போய்விடும். குற்றம் அவனுடையதா? இல்லை. ஆனால் அதற்குள் பாடத்தைக் கற்று, தாளத்தைக் கற்று, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு விஷயம் தெரிந்துகொண்டவன் கம்பெனியில் நிலைத்தான், வாத்தியாரும் ஆனான். குரலை மட்டும் நம்பியவன் மூட்டையைக் கட்டினான். டிக்டாக் போனது என் மருமகனுக்கு மகரக்கட்டு.

அன்று அவனிடம் நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. கல்யாண வீட்டில் செய்தது போதும். “நீ எடுத்ததையெல்லாம் வெச்சிருக்கியா?” என்று மட்டும் கேட்டேன். கைபேசியில் அறுநூற்றுச் சொச்சம் இருந்தன. அத்தனையையும் ஒரே மூச்சில் பார்க்க முடியாது. மூன்று நாள் பார்த்தோம். பிறகு, “எத்தனை பேர் பார்த்தாங்கங்கிறதை விட்டுரு. உனக்கே மறுபடி பார்க்கணும்னு தோணுறதை மட்டும் எடுத்துக் காட்டு” என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, பதினொன்று எடுத்தான்.

அவன் எடுத்த பதினொன்றில் எட்டு, அவன் ஆச்சியைப் போல் நடித்தவை. அவன் ஆச்சி என்றால் என்னைப் பெற்றவள். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, ரேஷன் கடைக்காரரோடு அரைக் கிலோ பருப்புக்காக வழக்காடுகிறான். என் அம்மா எங்கே மூச்சு வாங்குவாள், எந்தச் சொல்லை முழுங்குவாள், கோபத்தின் நடுவே எப்படித் திடீரென்று எதிராளியின் பிள்ளைகுட்டிகளை விசாரிப்பாள் என்று ஒன்று விடாமல் வருகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்பது நாவல்களில் நாலு கிழவிகளை நான் எழுதியிருக்கிறேன். விமரிசகர்கள் பாராட்டியதும் உண்டு. அந்த நாலு பேரும் என் அம்மா அல்ல. அவள் இதோ, இந்தப் பையனுடைய கைபேசிக்குள் இருக்கிறாள்.

அவன் அதிகமாகப் பெயர் வாங்கிய படம் அந்தப் பதினொன்றில் இல்லை. அதை ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதிலும் என் அம்மாதான் வருகிறாள், நிஜமான அம்மா. முதியோர் உதவித் தொகை ஆயிரம் ரூபாயை எங்கேயோ தவறவிட்டுவிட்டு அழுது புலம்புகிறாள். அவளுக்குத் தெரியாமல் ஜன்னலில் கைபேசியை வைத்து எடுத்திருக்கிறான். சிரிப்புப் பாட்டு ஒன்றைப் பின்னால் சேர்த்திருக்கிறான். ஒன்பது லட்சம் பேரும் சிரித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இந்த விவரமே தெரியாது. ஒரு நாள் ரேஷன் கடையில் யாரோ ஒரு பெண் காட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து அவனிடம் சண்டை போடவில்லை. “ஏம்ல, நான் அழுததையுமா காட்டுவாக?” என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

இதை அவனேதான் எனக்குச் சொன்னான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யார் சிறந்த கலைஞன், எது உயர்ந்த ரசனை என்றெல்லாம் பெரிய பெரிய தர்க்கங்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு இந்த இரண்டு படங்களை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒன்று அம்மாவிடமிருந்து பிடுங்கியது. மற்றது அம்மாவைப் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு, தன் உடம்பில் ஏற்றி இவன் செய்தது. பிடுங்கியதற்கு ஒன்பது லட்சம். செய்ததற்கு நாலாயிரம், ஐயாயிரம். எண்ணிக்கைக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பையனுக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே, பதினொன்றை எடு என்றபோது அவன் கை சரியாகப் போயிற்று. எண்ணிக்கையின் பின்னால் ஓடிய ஒரு வருஷத்தில் அந்தக் கை சொன்னதை அவன் கேட்கவில்லை, அவ்வளவுதான். எந்த அரசு எதைத் தடை செய்தாலும் அந்தக் கையை அவனிடமிருந்து எடுக்க முடியாது. அவனுக்கு உள்ள ஆஸ்தி அது ஒன்றுதான்.

சரி, ஆஸ்தி இருக்கிறது. சாப்பாட்டுக்கு என்ன வழி? இங்கேதான் நம்மில் பலர் ஒன்று கனவில் மிதக்கிறோம், அல்லது ஒரே அடியாக ‘எல்லாவற்றையும் விட்டுவிடு’ என்கிறோம். கணக்கு ஒன்றும் ரகசியமல்ல. யூட்யூபில் விளம்பரப் பணத்தில் பங்கு கிடைக்க வேண்டுமானால் ஆயிரம் சந்தாதாரர்கள் வேண்டும். ஒரு வருஷத்துக்குள் நாலாயிரம் மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்புறம், நீளமான படங்களுக்கு வருகிற விளம்பர வரும்படியில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு எடுத்தவனுக்கு. இந்த விதிகளை வகுப்பவன் அவன் அல்ல; நாளைக்கே மாற்றினாலும் கேட்க நாதி கிடையாது. 2008இல் கெவின் கெல்லி என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். கலைஞனுக்குக் கோடிப் பேர் வேண்டாம். அவன் செய்வதையெல்லாம் காசு கொடுத்து வாங்குகிற மெய்யான ரசிகர்கள் ஆயிரம் பேர் போதும், ஜீவனம் நடக்கும் என்றார். அவர் கணக்கில் தலைக்கு வருஷம் நூறு டாலர். தமிழ் எழுத்தாளன் இதைப் படித்தால் சிரிப்பான். ஆயிரம் பிரதி என்பதுதான் நமக்கு வெகு காலமாக ஒரு பதிப்பு. அதை விற்கவே சில சமயம் நாலு வருஷம் ஆகும்! ஆனாலும் அவர் சொன்னதில் சாரம் இருக்கிறது. லட்சம் பேர் கண்ணில் பட்டு மறைவதை விட ஆயிரம் பேர் மனத்தில் தங்குவது ஜீவனத்துக்கும் நல்லது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு குடும்பம் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் படமெடுத்து 2018இலிருந்து போட்டு வருகிறது. 2021இல் ஒரு கோடிப் பேர் அவர்களுக்குச் சந்தாதாரர் ஆனார்கள். ‘அவர்களுக்கு வரவில்லையா?’ என்று என் மருமகனைப் போன்றவர்கள் கேட்பதுண்டு. வந்தது. ஆனால் அந்தப் பெரியவர் பெரியதம்பி கைபேசிக்காகக் கரண்டி பிடித்தவர் அல்ல. அதற்கு முன்பே விசேஷங்களுக்குச் சமைத்துப் போட்டவர். விவசாய வேலை இல்லாத மாதங்களை என்ன செய்வது என்றுதான் பேரப் பிள்ளைகள் இதை ஆரம்பித்தார்கள். ஜனங்கள் வருவதற்கு முன்பே சோறு வெந்திருந்தது.

அந்தச் சோறு வேகிற வரைக்கும் வேறொரு வேலை பார்ப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? லா. ச. ராமாமிருதம் பாங்கியில் வேலை பார்த்தார். தி. ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிறகு வானொலி நிலையத்துக்குப் போனார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக் கடையில் உட்கார்ந்து துணி விற்றார். இவர்களுடைய எழுத்தில் எங்கேயாவது அரை மனசு தெரிகிறதா? மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு எழுத்தையே நம்பினார். அதனால் அவர் பட்ட கஷ்டம் அவருக்குத்தான் தெரியும், லாபம் நமக்கு. எட்டு மணி நேர வேலை மனிதனைச் சக்கையாக்கிவிட்டு, மிஞ்சிய மனிதனைத்தான் கலைக்கு அனுப்புகிறது என்பதும் வாஸ்தவம். நான் ஆறு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை எல்லாம் திருத்திவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால் எழுத்தைக் கண்டாலே வாந்தி வரும். அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாவல்தான் எழுதினேன். ஆனால் ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் வெறும் சுமை என்று எனக்குக் கற்பித்தது அந்த அச்சகமே தவிர எந்தப் பேராசிரியரும் அல்ல. ஆகவே வேலை பார்க்கலாமா கூடாதா என்பதற்குப் பொதுவான சட்டம் எதுவும் என்னிடம் இல்லை. தன் காதுக்கும் கைக்கும் பக்கத்தில் இருக்கிற வேலையாகக் கிடைத்தால் அவன் பாக்கியசாலி என்று மட்டும் சொல்வேன்.

மருமகனுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. டவுனில் ஒரு ஸ்டூடியோவில், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை. முகூர்த்த மாதங்களில் தூக்கமே கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் கை காலி. “ஆயிரம் கல்யாணம் பாத்துட்டேன் மாமா, தாலி கட்டுறப்ப பொண்ணு முகத்தை விட, பொண்ணோட அப்பா முகத்தைத்தான் பாக்கணும்” என்று ஒரு நாள் சொன்னான். எங்கே வெட்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மா 2022இல் காலமானாள். அதற்கப்புறம் ஆறு மாதம் அவன் எதுவும் எடுக்கவில்லை. பிறகு மாதத்துக்கு ஒன்று, எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் என்று யூட்யூபில் போட்டு வருகிறான். தலையில் அதே துண்டு. இப்போது பதினாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். நல்ல மாதமாக இருந்தால் மூவாயிரம் ரூபாய் வருகிறது; அந்தப் பணத்தை அவன் தன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறான். அந்த ஒன்பது லட்சம் படத்தை மறுபடி போட்டால் ஒரே வாரத்தில் பேர் வரும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை அழித்துவிட்டதாக என்னிடம் சொன்னான். பழைய இரண்டு லட்சத்தை நினைத்து இன்னும் ஏங்குகிறானா என்று கேட்டேன். “ஏங்காம இருக்குமா மாமா? நீங்க இப்பவும் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையைத் தாண்டும்போது திரும்பிப் பாக்கீகள்ல?” என்றான். அந்தப் பழைய கதையை அவனிடம் எப்போது சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பார்ப்பது உண்மைதான்.

போன வாரம் ஸ்டூடியோவிலிருந்து பேசினான். புதிதாக எடுக்கிற படத்தில் ஆச்சி ஓர் இடத்தில், “அங்கணக்குழியில கொட்டிட்டு வா” என்கிறாளாம். கூட வேலை பார்க்கிற பையன்களுக்கே அந்தச் சொல் தெரியவில்லையாம். வெளியூர்க்காரர்களுக்கும், கடல் தாண்டி இருந்து பார்க்கிறவர்களுக்கும் புரியாமல் போகும், ‘ஸிங்க்’ என்று மாற்றினால் நாலு பேருக்கு விளங்கும் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

“நீ என்ன நினைக்கிறே?” என்றேன்.

“ஸிங்க்குன்னு ஆச்சி வாயில வராது மாமா. கொட்டுறப்ப குனிஞ்சு ஒரு கை காட்டுனாப் புரிஞ்சிட்டுப் போகுது. மாத்த வேண்டாம்னு இருக்கேன். சும்மா உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னுதான்...”

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு நிச்சயதார்த்தம் முடித்துக் கொடுக்க வேண்டுமாம். “அப்புறம் பேசுதேன் மாமா” என்று வைத்துவிட்டான்.